இடது தோள்

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள் என் பெயருக்கு முன்னால் ‘ஓவியர்’ என்று போடப் போவதாகச் சொன்னார்கள். வேண்டாம், ‘பெயிண்டர்’ என்று போடுங்கள் என்றேன். பெரியவருக்கு எவ்வளவு அடக்கம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது, என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். ‘பெயிண்டர்’ போதும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் கேட்ட தலைப்பு ‘துபாயில் என் சாதனைகள்’. அது என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

இன்று பட்டனை அமுக்கினால் ஃப்ளெக்ஸ் பேனர் சுருள் சுருளாக வந்து விழுகிறது. கை வேலை போய்விட்டதே என்று நான் அழுவேன் என எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். சாரத்தில் தொங்கியபடி சித்திரை வெயிலில் முதுகு வெந்தவனுக்குத்தான் ஃப்ளெக்ஸின் அருமை தெரியும்.

மதுரையில் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் தொழில் கற்றேன். முதலில் பிரஷ் கழுவினேன், பிறகு வானம் அடித்தேன், பிறகு சட்டை, சேலை, நகை, கடைசியாக முகம். போட்டோவின் மேல் கட்டம் போட்டு, துணியிலும் அதே கணக்கில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றி வரைகிற வேலை. முகத்துக்குக் கை பழகியதும் பம்பாய் போய்க் கப்பலேறி துபாய் வந்துவிட்டேன். எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு யோசனை இருந்ததில்லை.

விசாவில் ‘பெயிண்டர்’ என்று இருந்தது. அங்கே அந்தச் சொல்லுக்கு, சுவருக்கு டிஸ்டெம்பர் அடிப்பவன் என்றுதான் அர்த்தம். “முகம் வரைவேன்” என்று நான் சொல்வேன், ஃபோர்மேன் “அச்சா, அச்சா” என்று பெயிண்ட் உருளையைக் கையில் கொடுப்பான். கீழக்கரை ஜமால் பாய்தான் என்னை அதிலிருந்து மீட்டு, தேராவில் இருந்த தன் போர்டு கடைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அரபி போர்டு எழுதுவேன். அரபி தெரியாது. ஒருவர் காகிதத்தில் எழுதித் தருவார், நான் கட்டம் போட்டு அப்படியே பெரிதாக்குவேன். ஒருமுறை பேரீச்சம்பழக் கடைக்கு எழுதும்போது, ஓர் எழுத்தின் மேலே இரண்டு புள்ளி இருந்தது. பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்று அழகுக்காக மூன்றாவது புள்ளி ஒன்றை வைத்தேன். பேரீச்சம்பழம் வெறும் பழம் ஆகிவிட்டது. கடைக்காரர் ஆப்பிள் கேட்டு வந்தவர்களிடம் மல்லுக்கட்டிவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். ஜமால் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னாப்பா இது? புரியாத எடத்துல உன் கைய வைக்காதே. அவன் ரெண்டு வச்சா நீ ரெண்டு வை.”

இந்தக் கதையைச் சங்கத்தில் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இனி வருவதைச் சொல்லி யாரையும் சிரிக்க வைத்ததில்லை.

க்ரீக் என்ற கடற்கழியின் அந்தக் கரையில், பர் துபாயில், ஒரு புது ஹோட்டல் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. உள் அலங்காரம் முழுவதும் ஃபாரிஸ் என்ற லெபனான்காரர் பொறுப்பு. ஊரில் சண்டை மூண்டு பெய்ரூத்தை விட்டு வந்தவர். சாப்பாட்டு ஹாலின் பெரிய சுவரை அடைக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று ஜமால் பாயிடம் வந்தார். பாய் என்னைக் கைகாட்டினார்.

ஃபாரிஸ் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எதையும் விரலால் காட்ட மாட்டார், காதில் செருகிய பென்சிலை எடுத்து, படத்தில் படாமல் அரை அங்குலம் தள்ளி நிறுத்துவார். அவரிடம் ஒரு தடித்த ஓவியப் புத்தகம் இருந்தது. துண்டில் சுற்றி வைத்திருப்பார். கை கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் பிரிப்பார். என்னையும் கழுவச் சொன்னார். மூன்றாவது நாளிலிருந்து அவர் சொல்லாமலே கழுவினேன்.

அதில் ஒரு பக்கம்தான் எனக்கான வேலை. ஐரோப்பாவில் பழைய காலத்தில் யாரோ வரைந்த படம். வரைந்தவர் பெயரைச் சொன்னார், என் வாயில் நிற்கவில்லை. கல் தூண்கள், தூண்களுக்கு அப்பால் கடல், ஒரு கப்பல். போர் உடையில் ஒருவன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி புறப்பட நிற்கிறான். அவனுடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு ஒரு பெண் தலை குனிந்து நிற்கிறாள். அவன் திரும்பி வரப்போவதில்லை, அது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது என்று ஃபாரிஸ் சொன்னார். எல்லாம் வழவழவென்று, பளிங்கில் செதுக்கியது மாதிரி இருந்தது. ஒரு கூச்சல் இல்லை, கண்ணீர் இல்லை.

புத்தகத்தில் கோடு போடக் கூடாது என்றார். கண்ணாடித் தகட்டில் கட்டம் கீறி அதைப் பக்கத்தின் மேல் வைத்துக்கொண்டேன். அந்த ஊர் உப்புக் காற்றில் சுவர் பொரிந்துவிடும் என்பதால் ஹார்ட்போர்டுகளை வரிசையாக நிறுத்தி, வெள்ளை பூசி, தேய்த்து, சாக்பீஸ் தடவிய நூலை இழுத்து அடித்துக் கட்டம் போட்டேன். கரிக்கட்டையில் வரைந்து முடித்தபோது ஒரு பலகையின் விளிம்பு அந்தப் பெண்ணின் கழுத்தை ஒட்டி நேராக இறங்கியது. முகம் ஒரு பலகையில், இடது தோள் அடுத்த பலகையில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேனர் புத்தி சும்மா இருக்குமா? அவள் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் வெள்ளைப் புள்ளி போட்டு மினுங்க வைத்தேன். ஃபாரிஸ் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு அதைத் தானே துடைத்தார்.

“அழுது முடித்துவிட்டார்கள், நண்பா. இது அதற்குப் பிறகு.”

என் அறையில் அடுத்த கட்டில் தங்கராசுவுடையது. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஆறே மாதத்தில் கிளம்பி வந்தவன். அதே ஹோட்டலில் வெயிட்டராகச் சேர்ந்திருந்தான். காலையில் இருவரும் ஒன்றாக அப்ரா படகில் க்ரீக்கைக் கடப்போம். அவனுடைய டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்தில் கல்யாணப் போட்டோ ஒட்டியிருக்கும். மாலையும் கழுத்துமாக வசந்தா தலையைக் குனிந்திருப்பாள்.

ஒருநாள் மதியம் ஹாலுக்கு வந்தவன் என் கரிக்கோட்டுப் படத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

“அண்ணே, இது யாருண்ணே?”

“யாரோ வெள்ளைக்காரிடா. புருசன வழியனுப்புறா.”

“எங்க வசந்தா பஸ் ஸ்டாண்டுல இப்படித்தாண்ணே நின்னா. அழல. என் கைய மட்டும் புடிச்சுக்கிட்டு கீழயே பாத்துக்கிட்டு இருந்தா.” படத்துக்கு இன்னும் பக்கத்தில் போனான். “அண்ணே, அவ மூஞ்சியவே போட்டுருங்களேன். யாருக்குத் தெரியப் போவுது? நான் டூட்டி பாக்குறப்பல்லாம் பாத்துக்கிடுவேன்.”

புத்தகத்தில் முகம் சுண்டைக்காய் அளவு. பெரிதாக்கினால் ஒன்றும் தேறாது. எப்படியும் ஒரு முகம் வேண்டும், குனிந்த வாட்டமும் ஒன்றாகவே இருந்தது. போட்டோவை வாங்கிக் கண்ணாடித் தகட்டின் கீழே வைத்தேன். நெற்றிப் பொட்டையும் மூக்குத்தியையும் விட்டுவிட்டேன். மற்றபடி அது வசந்தாதான்.

ஃபாரிஸ் பார்த்தார். பென்சில் காதிலேயே இருந்தது. உடன் வந்த மேனேஜரிடம் திரும்பி, “இவனை ஜமால் பெயிண்டர் என்று சொல்லி அனுப்பினார். இவன் ஆர்ட்டிஸ்ட்” என்றார். துபாயில் என்னை அப்படி ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று மாலை அப்ராவில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

பிறகு விளக்குகள் வாங்க ஃபாரிஸ் குவைத் போனார். அவர் இல்லாத நாட்களில் உடைகளை முடித்தேன். அவளுடைய வெள்ளைத் துணியில் மடிப்பு மடிப்பாக நிழல் விழும். சேலை மடிப்பு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, கை ஓடியது. தங்கராசு வந்து பார்த்துவிட்டு, “முந்தானையோட லட்சணமா இருக்காண்ணே” என்றான். உன் படத்தை இங்கே அரண்மனை மாதிரி ஒரு ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு எழுதியும் போட்டுவிட்டான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலையில் ஃபாரிஸ் திரும்பி வந்தார். ஹாலின் மறுகோடியில் நின்று பார்த்தார், அருகே வந்தார், பென்சிலை எடுத்தார்.

“இவளுக்கு யார் சேலை கட்டியது?”

எனக்குப் புரியவில்லை. கை கழுவிவிட்டு வந்து புத்தகத்தைப் பிரித்தார். அப்போதுதான் பார்த்தேன். படத்தில் துணி வலது தோளில் ஓர் ஊசியால் குத்தி நிற்கிறது. இடது தோள் திறந்து கிடக்கிறது. துணி சரிந்து மார்பின் மேல்பாதி வரை இறங்கியிருக்கிறது. வாரக்கணக்கில் அந்தக் கட்டங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவன் நான். பெண் என்றால் முந்தானை இடது தோளில் என்று கை அதுபாட்டுக்குப் போட்டு முடித்திருக்கிறது. மறுபடியும் மூன்றாவது புள்ளி.

“நாளை மாலைக்குள் சரி செய்” என்றார்.

“சார், ஃபேஸ் சேஞ்ச் பண்ணட்டுமா? வேற ஃபேஸ்?”

“முகத்தைத் தொடாதே. இந்தக் கட்டடத்தில் நன்றாக அமைந்தது அது ஒன்றுதான்.” புத்தகத்தைத் துண்டில் சுற்றினார். “இது இருந்த அலமாரி இப்போது இல்லை. அலமாரி இருந்த வீடும் இல்லை. இந்தப் படமாவது அப்படியே இருக்கட்டும். நீ ஆர்ட்டிஸ்ட், உனக்குப் புரியும். யல்லா, ஆரம்பி.”

அவர் கெட்டவர் இல்லை. ‘ஃப்ரெண்டு வைஃப், சார்’ என்று நான் சொல்லியிருந்தால் காது கொடுத்துக் கேட்கிற மனிதர். அந்த அளவு ஆங்கிலம் என்னிடம் இருந்தது. பெரிய ஓவியத்தில் ஒரு வெயிட்டர் பெண்டாட்டியின் கல்யாணப் போட்டோவை ஒட்டிவைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் ஆர்ட்டிஸ்ட் மறுபடி பெயிண்டர் ஆகிவிடுவான். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். வேறு காரணம் எதையும் இத்தனை வருடம் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

தங்கராசு இரண்டு கதவு தள்ளிக் கிச்சனில் இருந்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. முகம் ஒரு பலகை, தோள் வேறு பலகை, அந்தத் தோள் யாருடையதும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

ஏறிய பிறகு சமாதானமும் தேவைப்படவில்லை. முந்தானையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சதையின் நிறத்தைக் கலந்தேன். கழுத்தெலும்பின் குழியில் லேசாகப் பச்சை கலந்த நிழல், தோள் உருண்டையில் விளக்கு வெளிச்சம், அதற்குக் கீழே மெல்ல இறங்கும் சூடான நிறம். என் வாழ்நாளில் அப்படி ஒரு தோள் நான் வரைந்ததில்லை, அதற்குப் பிறகும் வரையவில்லை. வரைந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன், வாய்க்குள் பாடிக்கொண்டுகூட இருந்தேன். தங்கராசு என் நினைவிலேயே இல்லை. இதை எழுதும்போது இந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். கடைசியில் இரண்டு பலகைக்கும் நடுவிலிருந்த கோட்டில் பட்டி வைத்து, தேய்த்து, நிறம் ஏற்றி மறைத்தேன். அந்த முகத்தையும் அந்தத் தோளையும் ஒரே உடம்பாக்கியது நான்தான்.

மறுநாள் மாலை விழா. ஃபாரிஸ் எனக்குத் தன் கோட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டுக்கொண்டேன். திரையை இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஃபாரிஸ் என் தோளில் கைபோட்டு, “இவர் ஆர்ட்டிஸ்ட், இந்தியாவிலிருந்து” என்று ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனார். நானும் கைகுலுக்கினேன்.

கிச்சன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தங்கராசு தட்டோடு வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்பு ‘போ’ டை. நாலைந்து அடி வந்தவன் நிமிர்ந்து பார்த்தான். தட்டு ஆடவில்லை. அதில் இருந்த கிளாஸ்களில் ஒன்றுகூட இடித்துச் சத்தம் போடவில்லை. படத்துக்கு நேர் கீழே நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி உயர்த்தி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் எடுத்து முடிக்கும்வரை அவன் தட்டை நீட்டியபடி நின்றான், நிற்க வேண்டும், அதுதான் டூட்டி. பிறகு வரிசையாக ஒவ்வொருவராக வந்து, என்னிடமும் வந்தான்.

“ஜூஸ், சார்?”

எடுத்துக்கொண்டேன். என்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், எடுக்காமல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் என்னோடு சண்டை போடவில்லை. ஹோட்டலில் கேட்டு லாண்டரிக்கு மாறிக்கொண்டான். கொதிக்கிற வெந்நீர் ஆவியில் நாள் முழுக்க நிற்கிற வேலை. பெட்டி மூடியில் போட்டோ இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. அடுத்தடுத்த கட்டிலில் மாதக்கணக்கில் படுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, துணி காயப்போடும்போது, “தங்கராசு, என்ன மன்னிச்சுருடா” என்றேன்.

“நாந்தானங்க போடச் சொன்னேன்” என்றான். அண்ணே இல்லை, ‘ங்க’. கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த வருடம் எனக்கு லீவு வந்தது. ஊருக்குப் போகிறவன் அறையில் உள்ள எல்லோருடைய பார்சலையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அது எல்லா அறையிலும் உள்ள வழக்கம். தங்கராசு தர மாட்டான் என்று நினைத்தேன். கிளம்புகிற அன்று ஒரு ஜப்பான் நைலக்ஸ் சேலையைக் காகிதத்தில் சுற்றி என் கட்டிலில் வைத்தான். “அந்தப் பக்கம் போறவங்க வேற யாருமில்ல” என்றான்.

மதுரையிலிருந்து பஸ் மாறி மாறிப் போனேன். ஓட்டு வீடு. மாமியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போட்டார்கள். வசந்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் எத்தனையோ நாள் கட்டம் கட்டமாகப் பார்த்த முகம், என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தாள்.

பார்சலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மாமியார் கேட்டார்.

“ஏந்தம்பி, நீங்கதான படம் போடுறவுக?”

“ஆமாம்மா.”

“எங்க ஊரு மணியப்பன் துபாய்ல லாரி ஓட்டுறான். அந்த ஓட்டலுக்குச் சாமான் எறக்கப் போனானாம். லீவுல வந்து ஊரெல்லாம் அசிங்கமாச் சொல்லிட்டுத் திரியிறான். இவ எப்படி இருக்கா அங்கன்னு. மொதல்ல இவ படம் வச்சிருக்குன்னு எழுதுன எம் பையன், இப்ப அதெல்லாம் பொய்யி, வேற யாரோன்னு எழுதுறான். இவகிட்ட நான் பேசுறதே இல்ல. குளத்தடியில நாலு பேரு நாலு விதமாக் கேக்குறாளுக. நீங்க வரைஞ்சவுக, நீங்களே சொல்லுங்க. அது இவதானா? என்ன கட்டியிருக்கா?”

வசந்தா நிலைப்படியில் நின்றாள். தலை குனிந்திருந்தது.

“இவங்கதாம்மா” என்றேன். “தங்கராசு ஆசப்பட்டுக் கேட்டான், வரைஞ்சேன். சேல கட்டியிருக்காங்க.”

“என்ன சேல?”

“வெள்ள.”

“வெள்ளையா!” கிழவி பதறிப்போனார். வெள்ளைச் சேலை என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“வெள்ளப் பட்டும்மா. சரிகைக் கரை. முகூர்த்தச் சேல மாதிரி.”

“மாராப்பு?”

“இடது தோள்ல நல்லாப் போத்தியிருக்கு. நாந்தானம்மா வரைஞ்சேன், எனக்குத் தெரியாதா? அந்த மணியப்பன் வேற எதையோ பாத்துட்டு உளறுறான். நாலு பேரு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

மாமியார் மூச்சை விட்டார். “கேட்டியாடி? வரைஞ்ச மனுசனே சொல்லிட்டாரு. தம்பிக்குச் சோத்தப் போடு” என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தையாக அது இருக்க வேண்டும்.

இலையில் பாதிச் சோறு கிடந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். கை கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வசந்தா கொல்லைப்புறம் வந்தாள். ஃபாரிஸிடம் பழகிய பழக்கத்தில் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஊற்றிக்கொண்டே, மாமியாருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“அவுங்க எனக்கு மட்டும் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தாங்க.”

செம்பில் மிச்சமிருந்ததையும் அவள் ஊற்றி முடித்தாள்.

“போவட்டுங்க. இப்பயாவது போத்தி விட்டீங்களே.”